குறி தவறாத கதிர்

"புற்றுநோய்" என்ற சொல் ஒரு வீட்டின் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்த மாத்திரத்திலேயே அவ்வீட்டின் பேச்சொலி தணிந்துவிடுகின்றது. பெரியவர்கள் பிள்ளைகளை அப்பால் அனுப்பிவிட்டுத் தாழ்ந்த குரலிற் பேசுகின்றனர். அயலவர் ஒருவர் ஒரு மருந்தைச் சொல்கின்றார். உறவினர் ஒருவர் இன்னோர் ஊரைச் சொல்கின்றார். இவற்றின் நடுவே வைத்தியர், "கதிர்ச்சிகிச்சை செய்ய வேண்டும்" என்று சொல்லிவிட்டாலோ அச்சம் இரட்டிப்பாகின்றது. "கறண்ட் வைக்கப் போகின்றார்களாம்" என்ற செய்தி வேலிக்கு வேலி தாவுகின்றது.

வன்னிப் பெருநிலத்தையும் யாழ்ப்பாணக் குடாநாட்டையும் இணைக்கும் ஒடுங்கிய நிலவழி ஆனையிறவு. முற்காலத்தில் யானைகள் கடனீரேரியைக் கடந்து குடாநாட்டினுட் சென்ற இடமாதலின் இப்பெயர் பெற்றது என்பர். இன்று இவ்வழியே செல்லும் பஸ்களிலும் புகைவண்டியிலும், எக்ஸ்-கதிர்ப் படங்கள் அடங்கிய பெரிய உறையை மடியில் அணைத்தபடி அமர்ந்திருக்கும் பிரயாணிகளைக் காணலாம். கிளிநொச்சியிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வடக்கே தெல்லிப்பழை வைத்தியசாலைக்குச் செல்வோர் சிலர். தெற்கே மகரகம வைத்தியசாலைக்குச் செல்வோர் சிலர். காணியை ஈடுவைத்தாவது கடல் கடந்து சென்னைக்குச் செல்லலாமா என்று எண்ணித் தவிப்போரும் உளர்.

இத்தகையோரின் காதில் அண்மைக் காலமாகச் சில புதிய பெயர்கள் விழுந்துகொண்டிருக்கின்றன. கத்தியில்லாச் சத்திரசிகிச்சையாம், காமாக் கத்தியாம், புரோத்தன் கதிராம். நோய் உள்ள இடத்தை மட்டும் மில்லிமீற்றர் கணக்கில் குறிவைத்துத் தாக்கும் என்று இவற்றைப் பற்றிச் சொல்லப்படுகின்றது. இவை உண்மையில் யாவை? எந்த நோய்க்கு உதவுவன? இவற்றைத் தேடி எல்லாரும் ஓடத்தான் வேண்டுமா? இக்கேள்விகளுக்கு விடை காணுமுன், கதிர் என்பது உடம்பினுள்ளே என்ன செய்கின்றது என்பதை அறிதல் அவசியமாகும்.

கதிர் சுடுவதில்லை

ஜெர்மனி நாட்டுப் பேராசிரியர் ரொஞ்சன் 1895 ஆம் ஆண்டு நவம்பர் 8 ஆந் திகதி எக்ஸ்-கதிரைக் கண்டறிந்தார். மறு ஆண்டிலேயே அக்கதிரைக் கொண்டு கட்டிகளைக் கரைக்க இயலுமா என்று வைத்தியர்கள் முயலத் தொடங்கினர். 1898 இல் கியூரி தம்பதியர் ரேடியம் என்ற மூலகத்தைக் கண்டனர். கதிர்ச்சிகிச்சை நேற்று முளைத்த புதுமை அன்று. அதற்கு நூற்றிருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட அநுபவம் உண்டு.

"கறண்ட்" என்ற சொல் மயக்கத்தைத் தருவது. நோயாளியின் உடம்பில் மின்சாரம் பாய்ச்சப்படுவதே இல்லை. மின்சாரம் இயந்திரத்துக்கு; நோயாளியை வந்தடைவது கதிர். மார்பைப் படம் பிடிக்கும்போது வருகின்ற அதே இனக் கதிர்தான். வலு மட்டும் பன்மடங்கு அதிகம். கதிர் பாயும் அந்தச் சில நிமிடங்களிற் சூடும் தெரியாது, நோவும் தெரியாது.

அப்படியானால் அது புற்றை எவ்வாறு அழிக்கின்றது? நம் உடம்பின் ஒவ்வொரு கலத்தினுள்ளும், அக்கலம் எப்படி வாழவேண்டும், எப்போது பிரிந்து இரண்டாக வேண்டும் என்ற கட்டளைகள் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் எழுதப்பட்டுள்ளன. கதிர் இந்த இழையை வெட்டுகின்றது. ஆரோக்கியமான கலம் வெட்டுப்பட்ட இடத்தைப் பெரும்பாலும் செப்பனிட்டுக்கொள்கின்றது. புற்றுக்கலமோ கட்டுப்பாடின்றிப் பெருகுவதிலேயே முனைந்திருப்பது. செப்பனிடும் தொழிலில் அது திறமை குறைந்தது. வெட்டுண்ட இழையோடு பிரிய முயன்று மாள்கின்றது. ஆதலினாலேதான் கதிர் வைத்த அன்றே கட்டி மறைந்துவிடுவதில்லை. வாரக்கணக்கிற் சிறுகச் சிறுகக் குறைகின்றது. சிகிச்சை முடிந்த பின்னருங்கூடச் சிலகாலம் குறைந்துகொண்டே செல்லும்.

ஏன் நாள்தோறும்?

"வலுவான கதிரை ஒரே நாளில் வைத்து முடித்துவிட்டால் என்ன? ஏன் ஆறு கிழமை அலையவேண்டும்?" என்று கேளாத நோயாளி இல்லை. நியாயமான கேள்வியே. இதற்கு விடை 1920 களிலே பாரிஸ் நகரத்திற் கிடைத்தது. குளோடியஸ் ரெகோ என்ற அறிஞர் ஆட்டுக்கடாக்களின் இனவிருத்திச் சுரப்பியிற் கதிரைச் செலுத்திப் பார்த்தார். அச்சுரப்பியின் கலங்கள் புற்றைப் போலவே ஓயாமற் பிரிந்து பெருகுவன. ஒரே தடவையில் முழுக் கதிரையும் செலுத்தியபோது, அக்கலங்களை அழிக்குமுன்னே மேற்றோல் கடுமையாகப் புண்பட்டது. அதே கதிரைப் பல நாட்களுக்குப் பங்கிட்டபோது கலங்கள் அழிந்தன, தோலோ தப்பியது.

இதை நம் வீட்டுச் சமையலைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். ஒரு கைப்பிடி உப்பை ஒரே நேரத்தில் விழுங்கினால் உடம்பு தாங்காது. அதே உப்பு ஒரு கிழமைக் கறியிலே சிறிது சிறிதாகக் கலந்து உள்ளே சென்றால் ஒரு தீங்கும் இல்லை; இடைப்பட்ட நேரத்தில் உடம்பு தன்னைச் சரிசெய்துகொள்கின்றது. கதிருக்கும் கதிருக்கும் இடையேயுள்ள அந்த ஒரு நாள் இடைவெளி, ஆரோக்கியமான கலங்கள் தம்மைச் செப்பனிட்டுக்கொள்ளும் நேரம்.

கதிரின் அளவை "கிரே" என்ற அலகினாற் குறிப்பர். லூயி ஹரோல்ட் கிரே என்ற பிரித்தானியப் பௌதிகவியலாளரின் பெயரால் வழங்குவது அது. வாய், தொண்டை ஆகிய இடங்களில் வரும் புற்றுக்குப் பெரும்பாலும் நாளொன்றுக்கு 2 கிரே வீதம், கிழமைக்கு ஐந்து நாள், ஆறு அல்லது ஏழு கிழமைகளில் 66 முதல் 70 கிரே வரை கொடுக்கின்றனர். மார்பகப் புற்றுக்குச் சத்திரசிகிச்சை செய்த பின்னர் மூன்று கிழமைகளிற் பதினைந்து தடவையாக 40 கிரே கொடுக்கும் முறை இன்று பரவலாக உள்ளது.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இடைவெளியில் நல்ல கலங்கள் தேறுவது போலவே, இடைவெளி அளவு கடந்து நீண்டால் புற்றுக்கலங்களும் தேறிவிடுகின்றன. வாய், தொண்டைப் புற்றில், திட்டமிட்ட காலத்துக்கு மேல் சிகிச்சை ஒரு நாள் நீண்டாலும் நோய் அடங்கும் வாய்ப்பு ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்று வீதம் குறைகின்றது என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. கோயிற் கொடியேற்றம், வயல் அறுவடை, பஸ் காசுத் தட்டுப்பாடு என்று பத்து நாள் தவறவிட்டவர் எத்துணை இழக்கின்றார் என்பதை வாசகர்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். இலங்கையில் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவது வாய்ப்புற்று. வெற்றிலையோடு புகையிலை சேர்த்து மெல்லும் பழக்கம் நம்மிடையே இன்னும் ஒழிந்தபாடில்லை. ஆகவே இக்கணக்கு நமக்குத் தூரத்துக் கணக்கு அன்று.

குறிவைக்கும் கலை வளர்ந்த வரலாறு

கதிருக்கு நண்பனும் பகைவனும் தெரியாது. புற்று உடம்பின் ஆழத்தில் இருக்குமாயின், அதை அடைவதற்கு முன் தோல், தசை, எலும்பு ஆகியவற்றை ஊடுருவியே செல்லவேண்டும். புற்றைத் தாண்டிய பின்னரும் அது நிற்பதில்லை, மறுபக்கமாக வெளியேறும். வழியில் உள்ளவற்றைக் காப்பாற்றி, இலக்கை மட்டும் தாக்குவது எப்படி என்பதே நூறாண்டுக்கு மேலாக வைத்தியரும் பௌதிகவியலாளரும் தேடி வந்த விடை.

ஆதியில் இருந்த எக்ஸ்-கதிர்க் குழாய்கள் வலுக் குறைந்தவை. அவற்றின் கதிரிற் பெரும்பங்கைத் தோலே உறிஞ்சிவிடும். 1951 ஆம் ஆண்டு கனடா நாட்டிலே கோபால்ட்-60 என்ற கதிர்த்தொழிற்பாட்டு மூலகத்தைக் கொண்டு முதன்முதலாகச் சிகிச்சை செய்யப்பட்டது. அதன் காமாக் கதிர் தோலிற்குக் கீழே சற்று ஆழத்திலேதான் உச்ச வலுவை அடைவது. ஆதலின் தோல் பெருமளவு தப்பியது. கோபால்ட்-60 இன் அரைவாழ்வுக் காலம் 5.27 ஆண்டு. அதாவது, ஏறக்குறைய ஐந்தேகால் ஆண்டு சென்றால் அதன் வலு பாதியாகும். அதே கதிரளவைக் கொடுக்க இரண்டு மடங்கு நேரம் வேண்டும்.

அடுத்து வந்தது நேர்கோட்டு ஆர்முடுக்கி. லீனியர் அக்ஸலரேட்டர் என்று வைத்தியசாலைகளிற் சொல்வது இதனையே. இலத்திரன்களை மிகுந்த வேகத்துக்கு ஆர்முடுக்கி, ஓர் உலோகத் தகட்டில் மோதவிட்டு, வலுமிக்க எக்ஸ்-கதிரைப் பிறப்பிக்கும் இயந்திரம் இது. 1953 இல் இலண்டன் ஹமர்ஸ்மித் வைத்தியசாலையில் இது சிகிச்சைக்கு வந்தது. 1956 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஹென்றி கப்லன் என்ற வைத்தியர், இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுடைய விழித்திரைப் புற்றுக்கு இக்கதிரைச் செலுத்தினார். அவனுக்கு ஒரு கண் முன்னரே அகற்றப்பட்டிருந்தது. எஞ்சியிருந்த கண்ணிற் கதிர் சற்று விலகினாலும் பார்வை போய்விடும். கப்லன் குறி தவறவில்லை. பிள்ளையின் பார்வை காப்பாற்றப்பட்டது. குறிவைத்த கதிரின் பெருமையை உலகுக்கு உணர்த்திய நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று.

1970 களில் சி.ரி. ஸ்கான் வந்தபோது, உடம்பினுள் புற்று எங்கே, எந்த வடிவில் நிற்கின்றது என்பதை முப்பரிமாணத்திற் காணும் வாய்ப்புக் கிட்டியது. கதிர் வெளிவரும் வாயிலில் மெல்லிய தங்குதன் தகடுகள் பலவற்றை வரிசையாக அமைத்து, ஒவ்வொன்றையும் கணனியினால் முன்னும் பின்னும் நகர்த்தி, கதிரைப் புற்றின் வடிவத்துக்கே செதுக்கும் முறை பின்னர் வந்தது. 1990 களில், வடிவத்தை மட்டுமன்றிக் கதிரின் செறிவையும் இடத்துக்கிடம் கூட்டவும் குறைக்கவும் வழி பிறந்தது. இன்று சிகிச்சை மேசையிலேயே படம் பிடித்து, "நேற்று இருந்த இடத்திலேதான் இன்றும் இருக்கின்றதா?" என்று பார்த்த பின்னரே கதிரைத் திறக்கின்றனர். சுவாசிக்கும்போது மேலும் கீழும் அசையும் சுவாசப்பைக் கட்டியின் அசைவைக்கூட அளந்துகொள்கின்றனர்.

நோயாளியின் பங்கும் இதில் உண்டு. தலை, கழுத்துப் பகுதிக்குச் சிகிச்சை பெறுவோருக்கு, வெந்நீரில் இளகும் ஒருவகைப் பிளாஸ்ரிக்கினால் முகத்துக்குப் பொருந்தும் வலைமூடி ஒன்று செய்யப்படுகின்றது. முதல் தடவை அதை அணியும்போது சிலருக்கு மனம் திக்கென்று இருக்கும். அது தண்டனைக் கருவி அன்று. தலை அணுவளவும் அசையாதிருக்க உதவும் துணை. உடம்பில் இடும் சிறு மை அடையாளங்களும் அவ்வாறே. அவை அழியாது காக்கவேண்டியவை. வீட்டிலே தேய்த்துக் கழுவிவிடலாகாது.

கத்தி இல்லாத கத்தி

இனி, நாம் முதலிற் குறிப்பிட்ட புதிய பெயர்களுக்கு வருவோம். சுவீடன் நாட்டு மூளைச் சத்திரசிகிச்சை நிபுணர் லார்ஸ் லெக்சல் 1951 இல் ஒரு புதிய கருத்தை வெளியிட்டார். மண்டையோட்டைத் திறவாமலே, நுண்ணிய கதிர்கள் பலவற்றைப் பல திசைகளிலிருந்தும் மூளையினுள் ஒரே புள்ளியிற் சந்திக்கவைத்தால் என்ன என்பதே அது. 1960 களின் பிற்பகுதியில் அவருடைய கருவி உருவாயிற்று. காமாக் கத்தி என்பது அதுதான். பெயரிற் கத்தி உண்டே தவிரக் கத்தி இல்லை, கீறலும் இல்லை.

இதன் சூட்சுமம் எளியது. இருநூறு பேர் இருநூறு ஒழுங்கைகள் வழியாக, ஆளுக்கொரு சிட்டிகை உப்பை எடுத்துவந்து ஊர் நடுவே ஒரே இடத்திற் கொட்டுகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். எந்த ஒழுங்கையும் உவர்ப்பதில்லை. கொட்டிய இடத்தில் மட்டும் உப்புக் குவிகின்றது. பின்னர் வந்த காமாக் கத்தியொன்றில் 201 கோபால்ட் மூலங்கள் இருந்தன. ஒவ்வொரு கதிரும் தான் செல்லும் வழியை வருத்தாத அளவு சிறியது. அவை யாவும் கூடும் இடத்திலேதான் வலு பெரியது.

இதே கருத்தை மூளைக்கு வெளியே, முள்ளந்தண்டு, சுவாசப்பை, ஈரல் முதலிய இடங்களுக்கும் விரித்தனர். ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் அட்லர், இயந்திரக் கையொன்றில் சிறிய ஆர்முடுக்கியைப் பொருத்தி, 1994 இல் முதல் நோயாளிக்குச் சிகிச்சை செய்தார். சைபர் கத்தி என்று வழங்குவது அதுவே. சென்னையிலும் இக்கருவி பல ஆண்டுகளாக வழக்கில் உள்ளது. தக்க வசதிகள் பொருத்தப்பட்ட சாதாரண ஆர்முடுக்கியைக் கொண்டும் இத்தகைய சிகிச்சையைச் செய்யலாம் என்பதை மறத்தலாகாது. இம்முறையில் நாட்களின் தொகை குறைவு. சிலவேளை ஒரே நாள். பெரும்பாலும் ஐந்து தடவைக்குட் சிகிச்சை முடிந்துவிடும்.

"அப்படியானால் ரெகோ கண்ட உண்மை பொய்யாயிற்றா?" என்று மாணவர்கள் கேட்கலாம். இல்லை. கதிர் செல்லும் வழியில் உள்ள நல்ல இழையம் ஏறத்தாழ முற்றாகத் தப்பிவிடுவதாலேதான், ஒவ்வொரு தடவையும் பெரிய அளவைக் கொடுக்க முடிகின்றது. நல்ல இழையமும் சேர்ந்து கதிர்படும் அகன்ற நோய்களுக்குப் பழைய முறையே பாதுகாப்பானது.

கடைசிப் பாத்தியில் விளையும் உப்பு

புரோத்தன் கதிர் இன்னும் ஒரு படி மேலே செல்வது. எக்ஸ்-கதிர் நுழைந்த பக்கத்தில் வலுவோடு தொடங்கி, செல்லச் செல்லக் குறைந்து, மறுபக்கமாக வெளியேறுகின்றது என்று கண்டோம். புரோத்தன் என்ற நுண்துணிக்கையோ இதற்கு நேர்மாறு. வழியெல்லாம் சிறிதளவு வலுவையே சிந்தி, தான் நிற்கப்போகும் இடத்தில் எஞ்சிய வலுவையெல்லாம் ஒருங்கே இறக்கிவிட்டு, அங்கேயே நின்றுவிடுகின்றது.

ஆனையிறவு மக்களுக்கு இதனை விளக்கிச் சொல்வது எளிது. உப்பளத்திலே கடனீரேரி நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றுகின்றோம். முன்னுள்ள பாத்திகளில் நீர் வெயிலில் வற்றிச் செறிவடைகின்றதே தவிர உப்பு விளைவதில்லை. கடைசிப் பாத்தியை அடைந்த பின்னரே வெண்ணிறமாகப் பூக்கின்றது. புரோத்தனும் கடைசிப் பாத்திக்கென்றே தன் உப்பைச் சேமித்துவைப்பது. அதற்கப்பால் உள்ள உறுப்புக்குக் கதிர் ஏறக்குறைய இல்லை.

இக்கருத்தை ரொபேர்ட் வில்சன் என்ற அமெரிக்கப் பௌதிகவியலாளர் 1946 இல் வெளியிட்டார். 1954 இல் பேர்க்லி நகரில் முதற் சிகிச்சை நடைபெற்றது. தெற்காசியாவின் முதலாவது புரோத்தன் சிகிச்சை நிலையம் 2019 ஜனவரியிற் சென்னையில் அப்பல்லோ நிறுவனத்தினரால் திறக்கப்பட்டது. வளரும் பிள்ளைகளின் மூளை, முள்ளந்தண்டுக் கட்டிகள், கண்ணின் சில புற்றுகள், மண்டையோட்டின் அடித்தளத்தில் தோன்றும் கட்டிகள் ஆகியவற்றுக்கு இதனாற் பெரும் பயன் உண்டு. பிள்ளைகளின் நல்ல இழையத்திற் படும் கதிர் எத்துணை குறைகின்றதோ, பிற்கால வளர்ச்சிக் குறைபாடுகளும் அத்துணை குறையும். ஆனால் இதற்கு வேண்டிய இயந்திரம் மிகப் பெரியது. செலவும் மிகப் பெரியது.

யாருக்கு எது?

இவ்வளவையும் படித்தவர், "ஆகவே மிகக் கூரிய கதிரே எல்லார்க்கும் மிகச் சிறந்தது" என்று முடிவு செய்துவிடக்கூடும். இங்கேதான் நிதானம் வேண்டும். கூரிய ஊசி தைப்பதற்கு உதவும். வயலை உழ உதவாது.

ஒரு நெல்லிக்காய் அளவில், தெளிந்த எல்லையோடு, ஒரே இடத்தில் நிற்கும் கட்டிக்குக் குறிவைத்த கதிர் மிகப் பொருத்தமானது. மூளையிற் பரவிய ஓரிரு சிறு கட்டிகள், சத்திரசிகிச்சையைத் தாங்கமாட்டாத முதியவரின் ஆரம்ப நிலைச் சுவாசப்பைப் புற்று முதலியன இதற்கு உதாரணமாகும். வாய்ப்புற்றோ அயலிலுள்ள நிணநீர்க் கணுக்களுக்குக் கண்ணுக்குத் தெரியாமற் பரவும் இயல்பினது. அங்கே கட்டியை மட்டும் குறிவைத்தால், ஒளிந்திருக்கும் கலங்கள் தப்பிவிடும். ஆகவே கழுத்துப் பகுதியையும் சேர்த்து, நாள்தோறும், பல கிழமை கதிர் கொடுப்பதே முறை. அதுவே அந்நோய்க்குரிய சரியான குறி.

கருப்பைக் கழுத்துப் புற்றுக்கு, வெளியிலிருந்து வரும் கதிரோடு, கதிர் மூலத்தையே சிறு குழாய் வழியாக நோயின் அருகே கொண்டுசென்று வைக்கும் அண்மைச் சிகிச்சையும் செய்யப்படுகின்றது. ரேடியம் காலத்திலிருந்தே வருகின்ற பழைய முறை இது. விலையுயர்ந்த எந்த வெளிக்கதிரும் இன்றுவரை இதற்கு ஈடாகவில்லை. இன்னும், எலும்பிற் பரவிய புற்றினால் இரவெல்லாம் நோவால் துடிக்கும் ஒருவருக்கு, சாதாரண இயந்திரத்தில் ஒரே தடவை கொடுக்கும் 8 கிரே பெரும்பாலும் நோவைத் தணித்து நித்திரையைத் தருகின்றது. நோயை முற்றாக மாற்ற முடியாதபோதும் கதிருக்கு இத்தகைய கருணைப் பணி உண்டு.

வீட்டாரின் ஐயங்கள்

கதிர்ச்சிகிச்சை பெற்றவர் அருகிற் பிள்ளைகள் இருக்கலாமா? தாராளமாக இருக்கலாம். வெளியிலிருந்து வரும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. விளக்கை அணைத்தால் வெளிச்சம் அறையில் எஞ்சி நில்லாதது போலவே. தாய் தன் பிள்ளையை மடியில் வைத்துச் சோறூட்டலாம். அண்மைச் சிகிச்சையிலும், பொதுவாகக் கதிர் மூலம் அகற்றப்பட்ட பின் ஐயமில்லை. கதிர்த்தொழிற்பாட்டு மருந்தை உட்கொள்ளும் சில சிகிச்சைகளுக்கே சிலநாள் விலகியிருக்கும்படி சொல்வர். அதனை வைத்தியரே முன்கூட்டி அறிவிப்பார்.

தலைமயிர் கொட்டுமா? தலையிற் கதிர் படுமாயின் மட்டும் அவ்விடத்திற் கொட்டும். மார்பகத்துக்குக் கதிர் பெறுபவரின் கூந்தல் கதிரினாற் கொட்டுவதில்லை. பக்க விளைவுகள் பொதுவாகக் கதிர் படும் இடத்தைச் சார்ந்தவை. வாயிற் பட்டால் வாய்ப்புண், உமிழ்நீர் வற்றுதல், தோல் கறுத்தல், உடம்பிற் பொதுவான களைப்பு. இவற்றிற் பல சிகிச்சை முடிந்த சில கிழமைகளில் ஆறிவிடும். உமிழ்நீர்க் குறைவு போன்ற சில நெடுங்காலம் நிற்கலாம். வாய்ப் பகுதிக்குச் சிகிச்சை தொடங்குமுன் பல் வைத்தியரைக் காண்பதும், புகையிலையையும் புகைத்தலையும் அறவே விடுவதும் இன்றியமையாதவை. புகைத்துக்கொண்டே சிகிச்சை பெறுபவருக்குக் கதிரின் பயன் குறைகின்றது.

நம் நாட்டு வழி

ஆனையிறவிலிருந்து யாழ்ப்பாணம் ஐம்பது கிலோமீற்றருக்குச் சற்று அதிகம். தெல்லிப்பழை அதற்கும் வடக்கே. இப்பாதை என்றும் திறந்திருந்ததன்று. போர்க்காலத்தில் நெடுங்காலம் மூடிக்கிடந்து, 2002 இல் திறக்கப்பட்டு, 2006 ஆகஸ்டில் மீண்டும் மூடப்பட்டது. நாள் தவறாது செய்யவேண்டிய சிகிச்சை, பாதையே இல்லாத மக்களுக்கு எத்துணை எட்டாக் கனியாக இருந்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

போர் முடிந்து இரண்டு ஆண்டுகளின் பின், 2011 ஜூலையில், இலங்கையின் தென்கோடியாகிய தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியாகிய பருத்தித்துறை வரை, ஏறக்குறைய 670 கிலோமீற்றர் தூரத்தை ஒரு கூட்டத்தினர் 27 நாளில் நடந்து கடந்தனர். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் வழிநெடுகச் சேர்ந்து நடந்தனர். கிரிக்கெட் வீரர் மகேல ஜயவர்தனவும் அம்முயற்சிக்குத் தோள் கொடுத்தார். தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்று அமைப்பதற்கு நிதி திரட்டுவதே அந்நடையின் நோக்கம். 2013 இல் அவ்வைத்தியசாலை திறக்கப்பட்டது. அரசாங்க வைத்தியசாலையாதலின் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

பாக்குநீரிணைக்கு அப்பாலும் இத்தகைய வரலாறு ஒன்றுண்டு. தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரையே வித்தாகக் கொண்டு பாடுபட்டு, 1954 இற் சென்னை அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தை நிறுவினார். ஏழைகளுக்குச் சிகிச்சை எட்டவேண்டும் என்பதே அதன் நோக்கம். கூரிய கருவி செய்வது ஒரு தொண்டு என்றால், இருக்கும் கருவியை எளியவர்க்கு எட்டவைப்பது அதற்கு எவ்விதத்திலும் குறைந்த தொண்டு அன்று.

பிறநாடு செல்லவே கூடாது என்பது நம் கருத்தன்று. உண்மையிலேயே தேவைப்படும் நோயாளிகள் உண்டு. ஆனால் காணியை விற்குமுன், நகையை ஈடுவைக்குமுன், புற்றுநோய் வைத்திய நிபுணரிடம் சில கேள்விகளைக் கேட்டுத் தெளிதல் வேண்டும். சிகிச்சையின் நோக்கம் நோயை முற்றாக நீக்குவதா, நோவைத் தணிப்பதா? இந்த நோய்க்கு எந்த முறையிற் சிறந்த பயன் நிரூபிக்கப்பட்டுள்ளது? அம்முறை இங்கே உண்டா? இல்லையாயின், அங்கே செல்வதால் உண்மையில் எவ்வளவு நன்மை கூடும்? செல்வதற்கு எடுக்கும் காலத்தில் நோய் எவ்வளவு வளரும்? தங்குமிடம், போக்குவரத்து, பின்னர் செய்யவேண்டிய பரிசோதனைகள் ஆகியவற்றுக்கு என்ன வழி? நல்ல வைத்தியர் எவரும் இக்கேள்விகளுக்குச் சினந்துகொள்ளமாட்டார். வீட்டிற் படித்த பிள்ளை ஒருவர் உடன் சென்று விடைகளைக் கொப்பியிற் குறித்துவருதல் நன்று.

உறவினருக்கும் அயலவருக்கும் ஒரு கடமை உண்டு. ஆறு கிழமை நாள்தோறும் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டிய ஒருவருக்கு, அறிவுரையிலும் பார்க்க உதவுவது பஸ் காசு. தெல்லிப்பழைக்கு அண்மையில் தங்க ஓர் அறை. வீட்டிலே விட்டுவந்த மாட்டுக்குத் தண்ணீர் வைக்க ஒருவர். பாடசாலைப் பிள்ளைகளுக்கு மதியச் சோறு. இவை கிடைக்காமையினாற் சிகிச்சையை இடையில் விட்டவருக்கு, உலகத்திலேயே மிகக் கூரிய இயந்திரமும் பயன்படாது.

குறி தவறாமை என்பது இயந்திரத்தின் விலையில் மட்டும் அடங்கியதன்று. நோய் எங்கே நிற்கின்றது என்று அறிந்த வைத்தியரின் அறிவும், அளவைக் கணக்கிட்ட பௌதிகவியலாளரின் கவனமும், அசையாது கிடந்து நாள் தவறாது வந்த நோயாளியின் பொறுமையும், அவரை அங்கே கொண்டுசென்று சேர்த்த சுற்றத்தாரின் துணையும் ஒன்றுகூடும் இடத்திலேதான் கதிர் தன் குறியை அடைகின்றது. இவற்றுள் கடைசியாகச் சொன்ன துணையை, எந்த நாட்டிலிருந்தும் நாம் இறக்குமதி செய்யவேண்டியதில்லை.